பெல்ட்டில் ஒரு கோணல் ஓட்டை

மைனியின் பெல்ட் என் மடியில் கிடக்கிறது. பளு தூக்குகிறவர்கள் இடுப்பில் இறுக்கிக் கட்டுகிற, உள்ளங்கை அகலத்துக்குத் தடித்த தோல் பட்டை. வாங்கும்போது கறுப்பு. வருஷக்கணக்கான வேர்வையும் கையில் தேய்க்கிற வெள்ளைப் பொடியும் ஏறி, இப்போது என்ன நிறமென்று கேட்டால் சொல்லத் தெரியாது. செய்தவர்கள் போட்ட ஓட்டைகள் நேர்கோட்டில் ஒரே சீராக இருக்கின்றன. கடைசி ஓட்டைக்கும் உள்ளே தள்ளி, வரிசையை விட்டுச் சற்றுக் கீழே இறங்கி, ஓரம் கருகின ஓட்டை ஒன்று தனியாக இருக்கிறது. அது மைனி அடுக்களையில் கேஸ் அடுப்பில் ஆணியைப் பழுக்கக் காய்ச்சித் தன் கையால் போட்டது. சற்று முன்பு இந்தப் பெல்ட்டை என் இடுப்பில் கட்டினேன். கொக்கியின் முள் நேராகப் போய் அந்தக் கோணல் ஓட்டையில் விழுந்தது. அதன் பிறகு எனக்குப் பளுக் கம்பிக்கு அடியில் போகத் தைரியம் வரவில்லை. கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

மைனி என்றால் அண்ணன் மனைவி. எங்கள் பக்கத்தில் அண்ணி என்று கூப்பிட்டால் சினிமாவில் பேசுவது போல இருக்கும். அவள் இப்போது திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கிறாள். நாளைக் காலையில் அவளுடைய நெஞ்சைத் திறந்து இதயத்தில் ஒரு வால்வை மாற்றப் போகிறார்கள். மஸ்கட்டிலிருந்து அண்ணன் வந்து கூட இருக்கிறான். ஒரு ஆளுக்குத்தான் அங்கே அனுமதி. அதனால் நான் இங்கே தக்கலையில், இரும்புக்கடை மாடியில் இருக்கிற ஜிம்மில், தட்டுகள் ஏற்றிய கம்பியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. சின்ன வயசிலிருந்தே நான் பயந்தாங்கொள்ளிதான், ஆனால் இந்த வாரத்துப் பயம் வேறு மாதிரி. வங்கியில் கவுண்டரில் உட்கார்ந்து ஒருவருக்கு ரசீது கொடுக்கும்போது கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவள் பெயரை எழுதிவிட்டேன்.

நாங்கள் இருவரும் சேர்ந்து பளு தூக்க ஆரம்பித்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. மைனி ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். கல்லூரியில் படிக்கும்போதே மாவட்டத்துக்காகத் தூக்கியவள். கல்யாணம், பிள்ளைப்பேறு என்று விட்டுப்போனதை மறுபடி பிடித்தபோது துணைக்கு ஆள் வேண்டும் என்று என்னைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். எனக்கு அப்போது பிள்ளை பெற்ற உடம்பு இறங்க வேண்டும் என்பது மட்டும்தான் எண்ணம். உடம்பு அப்படியொன்றும் இறங்கவில்லை. ஆனால் கம்பி என்னை விடவில்லை. குடும்பத்தில் எங்களைப் பற்றிக் கேலி பேசாத ஆள் கிடையாது. கல்யாண வீட்டில் சாம்பார் அண்டாவை இறக்க ஆள் வேண்டுமென்றால் ஆம்பிளைகளைக் கூப்பிட மாட்டார்கள், “மைனியும் நாத்தூனும் எங்க?” என்றுதான் தேடுவார்கள், நாத்தூன் என்றால் நாத்தனார், நான்தான். மைனி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பெருமையாகப் போய் இறக்குவாள். இந்த மாடியில் பெண்களுக்கென்று மாலையில் கொஞ்ச நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு அவளும் வங்கி முடிந்து நானும் வந்தால், பெரும்பாலும் நாங்கள் இருவர் மட்டும்தான் இருப்போம்.

புதிதாகத் தூக்க வருகிறவர்களுக்கு எடை கூட்டுவது சுலபம். ஒவ்வொரு வாரமும் ஒரு சின்னத் தட்டைச் சேர்த்துக்கொண்டே போகலாம், உடம்பு ஏன் எதற்கு என்று கேட்காமல் தூக்கும். வருஷங்கள் போனபிறகு அப்படி நடக்காது. எங்கள் இருவருக்கும் ஒரு வருஷம் பாடுபட்டால் ஒரு சின்னத் தட்டு கூடும், அவ்வளவுதான். அட்டவணையில் இன்றைக்கு இத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும், உடம்போ பரீட்சை வேலையிலும் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதிலும் பாதி செத்திருக்கும். அதே எடை போன வாரம் தேங்காய் மூட்டையாகவும் இந்த வாரம் கருங்கல்லாகவும் இருக்கும். அதற்காக மைனி ஒரு ஏற்பாடு வைத்திருந்தாள். கம்பிக்கு அடியில் நிற்கிறவள் எடையைத் தீர்மானிக்கக் கூடாது, பின்னால் நிற்கிறவள்தான் தீர்மானிக்க வேண்டும். அவளுடைய எடையை நான் சொல்வேன், என்னுடையதை அவள் சொல்வாள். ஒரு சுற்று முடிந்து கம்பியைத் தாங்கியில் வைத்ததும் பின்னால் நிற்கிறவள் கேட்பாள், “இன்னும் எத்தனை கெடக்கு?” இன்னும் எத்தனை தடவை உன்னால் எழும்பியிருக்க முடியும் என்று அர்த்தம். மூணு என்றால் எடை கூடும். ஒண்ணு என்றால் அப்படியே நிற்கும். ஒண்ணும் இல்லை என்றால் தட்டைக் கழற்றிவிடுவோம். நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை பாதி எடையில் விளையாட்டுப்போல முடித்துக்கொண்டு போவோம். அதற்கு மைனி சும்மா வாரம் என்று பெயர் வைத்திருந்தாள். இந்த ஏற்பாடு நடக்க ஒன்றே ஒன்றுதான் வேண்டும், கம்பிக்கு அடியில் நிற்கிறவள் பொய் சொல்லக் கூடாது. “தூங்கலைன்னா தூங்கலைன்னு சொல்லணும். சண்டை போட்டுட்டு வந்தா சண்டைன்னு சொல்லணும். ஒளிச்சு வச்சா பின்னால நிக்கப்பட்டவதான் கெடந்து சாவா” என்பாள்.

அந்த ஏற்பாட்டை உடைத்தது அவள்தான். அதற்குக் காரணம் நான். நான் ஒன்றும் செய்யவில்லை, பயந்தேன், அவ்வளவுதான். ஆறேழு வருஷத்துக்கு முன்பு தரையிலிருந்து கம்பியைத் தூக்கும்போது என் முதுகில் கீழே ஏதோ இளகினது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. கால் வழியாக ஒரு சூடு இறங்கினது. மாதக்கணக்கில் பலகையில் படுத்தேன், நிமிர்ந்து பல் தேய்க்க முடியவில்லை. பிறகு சரியாகிவிட்டது. மருத்துவர், இனி பைய ஆரம்பிக்கலாம் என்று சொல்லிவிட்டார். உடம்பு சரியாகிவிட்டது, நான்தான் சரியாகவில்லை. கம்பியைத் தோளில் வாங்கி ஒரு எட்டுப் பின்னால் வைத்தால் முழங்கால் நடுங்கும். கீழே இறங்கினால் முதுகு மறுபடியும் இளகும், இந்தத் தடவை எழுந்து நடக்கவே முடியாது என்று தோன்றும். திரும்பக் கொண்டுபோய்த் தாங்கியில் வைத்துவிட்டு, கழிப்பறையில் போய் அழுவேன். மைனி எல்லா வித்தையும் செய்து பார்த்தாள். எடை எவ்வளவு என்று தெரிந்தால்தானே பேடிப்பாய், அதாவது பயப்படுவாய் என்று, இரண்டு பக்கத் தட்டுகளையும் துவர்த்தால் மூடினாள். குளித்துத் துவட்டுகிற அந்த மெல்லிய துண்டு ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். பார்க்கிறவர்களுக்குக் கம்பி குளித்துவிட்டு வந்தது போல இருக்கும். எனக்கோ தட்டு ஏற்றுகிற சத்தத்திலேயே எடை தெரிந்துவிடும். அவள் சத்தம் வராமல் ஏற்றிப் பார்த்தாள். அதற்கும் நான் நடுங்கினேன், இப்போது எடை தெரியவில்லையே என்று.

அந்த வருஷம் ஈஸ்டர் கழிந்து நாகர்கோவிலில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு போட்டி இருந்தது. மைனி பெயர் கொடுத்திருந்தாள். போட்டி நெருங்க நெருங்க எடை கூட வேண்டும், அட்டவணையும் அப்படித்தான் ஏறிக்கொண்டே போனது. அது லெந்து காலம். எங்கள் சபைகளில் ஈஸ்டருக்கு முந்திய அந்த நாட்களில் பலரும் மீனும் இறைச்சியும் விடுவார்கள், சிலர் ஒரு நேரம் சாப்பிடாமல் இருப்பார்கள். மைனி வீட்டில் மீன் இல்லை என்பது எனக்குத் தெரியும், எங்கள் வீட்டிலும் இல்லை. அதற்குப் பதிலாகப் பயறும் முட்டையும் கூட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தேன். அவள் விடியற்காலையிலிருந்து பொழுது அடைகிறது வரைக்கும் பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறக்காமல் இருந்தாள் என்பது யாருக்கும் தெரியாது. உபவாசத்தை வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் அது மனிதர்களுக்குக் காட்டுவதற்காக இருந்ததாகிவிடும் என்று ஞாயிறு பள்ளியில் படித்தவர்கள் நாங்கள். முகம் கழுவி, தலை சீவி, சாப்பிட்டவளைப் போலச் சிரித்துக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்தில் வெயிலில் விசில் ஊதிவிட்டு, நேராக ஜிம்முக்கு வருவாள்.

கம்பி மெதுவாகிக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன். வருஷக்கணக்கில் ஒருத்தியின் முதுகுக்குப் பின்னால் நின்றால், அவள் எழும்புகிற வேகம் நம் கணக்கில் ஊறிப்போயிருக்கும். பாதி வழியில் ஒரு நொடி தயங்கி எழுந்தாள். “இன்னும் எத்தனை கெடக்கு மைனி?” என்று கேட்டால், “மூணு” என்பாள். மூணு இருக்கிறவள் இப்படியா எழும்புவாள்? “வெயிலுக்காக்கும். மாங்கா மழை பெய்தா சரியாவும்” என்பாள். ஒருநாள் பெல்ட்டைக் கட்டும்போது அந்தப் புது ஓட்டை கண்ணில் பட்டது. இது என்ன என்று கேட்டேன். “தோலு இழுத்துப்போச்சு மக்கா. சூட்டுக்கு எல்லாம் இளகும்” என்றாள். வேர்வையில் நனைகிற தோல் இழுக்கும் என்பது உண்மைதான், என்னுடைய பெல்ட்டும் கொஞ்சம் இழுத்திருந்தது. அட்டவணை சொன்னதைவிட எடையைக் குறைத்தேன். அவள் முறைத்தாள். “நீ ஒனக்க பேடிய எனக்க கம்பியில ஏத்தாத” என்றாள். அது எனக்குச் சுருக்கென்று பட்டது. ஆனாலும் குறைத்தேன். கீழே கம்பியைத் தாங்குகிற பாதுகாப்புக் கம்பிகளையும், நான் பயந்தவள் ஆகையால், ஒரு ஓட்டை மேலே தூக்கி மாட்டினேன். அவை இடிக்கின்றன என்று அதற்கும் அவளிடம் திட்டு வாங்கினேன்.

அன்றைக்கு மைனி தொண்ணூறு கிலோவைத் தோளில் வாங்கினாள். அவளுக்கு அது பெரிய எடை அல்ல. முதல் தடவை இறங்கி எழுந்தாள். இரண்டாவது தடவை இறங்கினாள். அடியில் போனதும், எழும்புவதற்கு முன்னால் வருகிற அந்த இறுக்கம் அவள் முதுகில் வரவில்லை. ஜன்னல் திரையை அவிழ்த்துவிட்டது போல அவள் உடம்பு எனக்கு முன்னால் தளர்ந்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் என்ன செய்தேன் என்பது பிறகு ஜிம்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளுடைய நெஞ்சைச் சுற்றி இரண்டு கைகளையும் கோர்த்து, கம்பிக்கு அடியிலிருந்து அவளைப் பின்பக்கமாக உருவி எடுத்திருக்கிறேன். கம்பி பாதுகாப்புக் கம்பிகளின் மேல் விழுந்த சத்தத்தில் கீழே இரும்புக்கடையில் இருந்தவர்கள் வெளியே ஓடியிருக்கிறார்கள். எனக்கு நினைவிருப்பதெல்லாம், தரையில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்திருந்ததும், அவள் உதடு வாழைப்பூ மடல் நிறத்தில் இருந்ததும், பெல்ட்டை அவிழ்க்க என் விரல்களுக்கு வராமல் போனதும்தான். எத்தனையோ தடவை அவிழ்த்த கொக்கி. அந்தக் கோணல் ஓட்டையிலிருந்து முள் வரமாட்டேன் என்றது. மைனி, மைனி என்று கத்தினேன். அவள் செத்துவிட்டாள் என்று ஒரு நிமிஷம் முழுசாக நம்பினேன். அந்த நிமிஷத்தை விட்டு நான் இன்னும் வெளியே வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே கண் விழித்துவிட்டாள். மருத்துவர் பெண். நாடியைப் பிடித்துக்கொண்டே, “கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?” என்று கேட்டார். மைனி கூரையைப் பார்த்தாள். மறுபடி கேட்டார். “நேத்து ராத்திரி” என்றாள். “தண்ணி?” “அதும் நேத்துதான்.” மருத்துவர் என்னைப் பார்த்தார், பக்கத்தில் நிற்கிறவள் கண்ணை எங்கே வைத்திருந்தாய் என்கிற பார்வை. குளுக்கோஸ் ஏறத் தொடங்கி, மருத்துவர் வெளியே போனதும் நான் கேட்டேன்.

“எனக்கிட்ட சொல்லாண்டாமா மைனி?”

“சொல்லிட்டா பெறவு அது என்ன உபவாசம்?”

“எதுக்காக்கும் இந்த உபவாசம்? மெடல் கிட்டதுக்கா?”

“மெடல் ஆருக்கு வேணும்? ஒனக்க பேடி மாறதுக்காக்கும்.” சிரித்தாள், உதட்டில் இன்னும் ரத்தம் திரும்பவில்லை. “பாத்தியா, என்னய முழுசாத் தூக்கிட்ட. ஒனக்க முதுகு தாங்கிச்சுல்லா? செபம் கேட்டாச்சு, கேட்டியா.”

எனக்கு வந்த கோபத்துக்கு, அவள் கையில் ஊசி இல்லாமல் இருந்திருந்தால் அடித்திருப்பேன். ஒரு மனுஷி கடவுளிடம் போய், என் நாத்தூன் பயப்படாமல் குந்தி எழும்ப வேண்டும் என்று கேட்பாளா? அதற்காகப் பட்டினி கிடந்து, அதே வயிற்றோடு கம்பிக்கு அடியில் போய், பின்னால் நிற்கிறவளிடம் பொய்யும் சொல்வாளா? நான் அங்கேயே அவள் கால்மாட்டில் உட்கார்ந்து உரக்க அழுதேன். நர்ஸ் வந்து, நோயாளி நீங்களா அவங்களா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மயங்கி விழுந்ததற்குப் பட்டினிதான் காரணம் என்றாலும், எதற்கும் இருக்கட்டும் என்று இதயத்தை ஸ்கேன் செய்தார்கள். அப்போதுதான் தெரிந்தது. ரத்தம் வெளியே போகிற வால்வுக்கு மூன்று இதழ் இருக்க வேண்டும், அவளுக்குப் பிறவியிலேயே இரண்டு. அது கொஞ்சமாகச் சுருங்கத் தொடங்கியிருந்தது. தூக்கியதால் வந்ததில்லை, தூக்குவதை அடியோடு விடவும் வேண்டாம், ஆனால் மூச்சை அடக்கிக்கொண்டு பெரிய எடைக்குப் போகக் கூடாது, வருஷம்தோறும் வந்து காட்ட வேண்டும் என்றார்கள். மைனிக்கு அது மரண அறிவிப்பு மாதிரி இருந்தது. அத்தனை வருஷம் தூக்கியவளுக்கு உடம்பு பழைய எண்ணை மறக்காது. சின்னத் தட்டுகளைப் பார்த்து, “இத எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளையளே தூக்கும்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் துவர்த்து இரண்டைக் கொண்டுவந்து தட்டுகளை மூடினேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எடையை முடிவு செய்வதில் எனக்கு இருந்த பயம் அதன் பிறகு நூறு மடங்கானது. எண்ணைக் கேட்டால் பொய் சொல்கிறவள் என்று தெரிந்துவிட்டது. மூச்சை அடக்குகிறாளா என்று பின்னால் நின்று எப்படிப் பார்ப்பது? யோசித்துக் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். பாடச் சொன்னேன். மைனி சபையில் பாடகர் குழுவில் இருக்கிறவள், கனத்த குரல். இறங்கி எழும்பும்போது ஒரு கீர்த்தனையை வாய்விட்டுப் பாட வேண்டும். மூச்சை அடக்கினால் பாட்டு வராது, எடை அதிகமானால் பாட்டு நடுவில் அறுந்துபோகும். அறுந்த இடத்தில் நான் தட்டைக் கழற்றுவேன். அதில் அவளால் பொய் சொல்ல முடியாது. கீழே இரும்புக்கடையில் ஆணி வாங்க வந்தவர்கள் மேலே செபக்கூட்டம் நடக்கிறது என்று நினைப்பார்களாம். அப்படி அஞ்சாறு வருஷம் தூக்கினாள். பழைய எடையில் பாதிகூட இல்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் பாட்டு அறுகிற இடத்தைக் கேட்டு, இரண்டு கிலோ கூட்டி, ஒரு கிலோ குறைத்து, மழைக்காலத்துக்கு ஒரு மாதிரியும் பரீட்சைக் காலத்துக்கு ஒரு மாதிரியுமாக நான் அவளைக் கொண்டுபோனேன். என் முதுகை அவள் கொண்டுபோனாள். என் பயம் போனதா என்று கேட்டால், இல்லை. அவளிடம் போய்விட்டதாகச் சொல்லி வைத்திருந்தேன். அது ஒன்றுதான் அவளிடம் நான் சொன்ன பொய்.

போன கிறிஸ்துமஸ் கழிந்து ஒருநாள் இரண்டாவது வரியிலேயே பாட்டு அறுந்தது. தட்டைக் கழற்றினேன். அடுத்த வாரம் அதைவிடச் சின்ன எடையில் அறுந்தது. தை மாதம் முடிகிற சமயம், தட்டே இல்லாத வெறுங்கம்பியில், முதல் வரி முடியும் முன்னே நின்றுபோனது. கம்பியை வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். நானும் கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். “இன்னும் எத்தனை கெடக்கு?” என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் லீவு போட்டு ஸ்கேனுக்குக் கூட்டிப்போனேன். வால்வு ரொம்பச் சுருங்கிவிட்டது, இனி தாமதிக்கக் கூடாது என்றார்கள்.

இப்போது மறுபடியும் லெந்து. அவளை ஆஸ்பத்திரியில் சேர்க்க நாள் குறித்த அன்றைக்கே நான் சாப்பாட்டை நிறுத்தினேன். பொழுது அடைந்த பிறகு கொஞ்சம் கஞ்சி, அதுவும் பிள்ளைகள் பார்ப்பார்கள் என்பதற்காக. யாரிடமும் சொல்லவில்லை. வங்கியில் மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடிவிட்டு, வீட்டுக்கு வருகிற வழியில் நாய்க்குப் போட்டேன். முகம் கழுவி, தலை சீவி, சிரித்துக்கொண்டு போனேன். ஆனால் ஜிம்முக்கு மட்டும் வந்தேன், ஏனென்றால் ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று காரில் ஏறும்போது மைனி, “நீ முடக்கினா நான் கட்டில்ல இருந்து எழும்பி வந்திருவேன்” என்று சொல்லித் தன் பெல்ட்டை என் கையில் தந்திருந்தாள். அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் அதை முதல்முறையாகக் கட்டுகிறேன். என் இடுப்பு அவள் இடுப்பைவிடப் பெரிசு. இந்தப் பெல்ட்டை முன்பெல்லாம் விளையாட்டாகக் கட்டிப் பார்த்தால் கடைசி ஓட்டைக்கு ஒன்றிரண்டு ஓட்டை வெளியிலேயே இழுத்துப் பிடிக்க வேண்டும். இன்றைக்கு முள் தானாக உள்ளே உள்ளே போய், கருகின ஓட்டையில் உட்கார்ந்தது. கம்பியில் ஏற்றி வைத்திருந்தது நான் நன்றாகச் சாப்பிட்ட காலத்து எடை. பின்னால் திரும்பிப் பார்த்தேன். சுவரும் தண்ணீர்ப் பானையும்தான் இருந்தன.

இப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் செல்போன் அடித்தது. வீடியோவில் மைனி. தலைமுடியைப் பின்னிக் கட்டி, ஆஸ்பத்திரிப் பச்சை உடுப்பில், சின்னப் பிள்ளை மாதிரி இருந்தாள். பின்னால் அண்ணன் ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்றான், அவன் தோள் குலுங்கியது.

“எத்தன கிலோ ஏத்தி வச்சிருக்க?” என்றாள். சொன்னேன். “சாப்பிட்டியா?”

சாப்பிட்டேன் என்ற சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. மடியில் பெல்ட் கிடந்தது. அதைத் தூக்கி அவளுக்குக் காட்டினேன், அந்த ஓட்டையில் விரலை வைத்து. “இதுல விழுந்துது மைனி” என்றேன். “நான் சாப்பிடல்ல. மூணு வாரத்துக்கு மேல ஆச்சு.”

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து அந்த ஓட்டையைப் பார்த்தாள். பிறகு, “எனக்காக்கும்?” என்றாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். “அடிப்பாவி” என்றாள். “நான் படிச்ச பாடத்த நீயும் ஒருக்க படிக்கணுமாட்டி?”

“எனக்குப் பேடியா இருக்கு மைனி. அது போகவே இல்ல. ஒங்ககிட்ட போயாச்சுன்னு சும்மா சொன்னது.”

“தெரியும்” என்றாள். “ஒனக்க முழங்காலு நடுங்குறத பின்னால நிண்ணு நான் பாக்க மாட்டனா?” சிரிக்க முயன்றாள், மூச்சு போதவில்லை. நான், “ஒரு பாட்டு பாடுங்க மைனி” என்றேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது, எத்தனை தூரம் வருகிறது என்று கேட்டுவிட வேண்டும் என்றிருந்தது. அவள் தலையை ஆட்டினாள். “இப்ப பாட்டு வராது மக்கா. எனக்கும் பேடியாத்தான் இருக்கு” என்றாள். இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லைத் தன்னைப் பற்றி அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் என்னிடம் பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பிறகு அவள் பி.டி. டீச்சர் குரலுக்கு மாறினாள். “தட்ட எல்லாம் கழத்து. இண்ணைக்கு ஒனக்கு வெறுங்கம்பிகூடக் கெடையாது. கீழ எறங்கிப் போயி அந்தச் சாயாக்கடையில கிழங்கும் மீனும் வாங்கித் தின்னு. லெந்துன்னு மூஞ்சியச் சுளிக்காத. நான் பாக்கணும், போனை அணைக்காண்டாம்.” பின்னால் நிற்கிறவள் சொன்னால் சொன்னதுதான். தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அவள் கண் எடுக்காமல் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டே மாடிப்படி இறங்கினேன்.

சாயாக்கடையில் மூலை மேஜையில், தண்ணீர் டம்ளரில் செல்போனைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். வேகவைத்த மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் வந்தது. முதல் வாயை மெல்லாமலே விழுங்கப் பார்த்தேன். “பைய” என்றாள். இரண்டாவது வாய் இறங்கியது. கண்ணிலிருந்து வழிந்தது வாயில் உப்புக் கரித்தது. கடைக்காரர், எரிவு ஜாஸ்தியா என்று கேட்டார். இல்லை என்றேன். நான் மென்று விழுங்குவதை மைனி, ஒவ்வொரு தடவை நான் இறங்கி எழும்பும்போதும் கண்ணாடியில் பார்ப்பாளே, அதே முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிக் கிழங்கு தீர்ந்தபோது, அந்தப் பக்கம் ஒரு நர்ஸ் வந்து ஏதோ மலையாளத்தில் சொன்னாள். போனை வைக்கச் சொல்கிறாள் போலிருக்கிறது. மைனி அவளிடம், ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டிவிட்டு என் பக்கம் குனிந்தாள்.

“பெல்ட்ட எங்க வச்சிருக்க?”

“மடியில.”

“நான் வாறது வரைக்கும் அந்த ஓட்டையில போடாத” என்றாள்.

போடமாட்டேன் என்றேன். திரை இருண்டது. பெல்ட்டைச் சுருட்டி மேஜைமேல் வைத்துவிட்டு, தட்டில் இருந்த மிச்சத்தையும் தின்று முடித்தேன்.